பதினான்காம் எண் சட்டை

செயின்ட் ஒடில், மெய்ன்
செப்டம்பர் 2, 1996

அன்பு மார்னிக்கு,

நீ பள்ளி விடுதிக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை உன் அப்பாவின் மருந்துக்கடையில்தான் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு இருமல் மருந்து வாங்கப் போயிருந்தேன். மருந்தை எடுப்பதற்கு முன்பே உன் அப்பா அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

"தெரியுமா கோரின்? ஹாதர்லி பல்கலைக்கழகத்துல இருந்து கூடைப்பந்து கோச் எழுதியிருக்காங்க. என் பொண்ணுக்கு! நாட்டுலயே மூளைக்காரங்க போற இடம்!"

பின்னாலிருந்து, கிழங்குக் கிடங்கில் வேலை செய்யும் பெர்னிஸ் கேட்டார்: "அவளைக் கூப்பிடுறது பந்துக்கா, மூளைக்கா?"

"ரெண்டுக்கும்தான் பெர்னிஸ், ரெண்டுக்கும்தான்!"

மருந்தைத் தராமலே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. பெர்னிஸ்தான் கேட்டு வாங்கித் தந்தார்.

எனக்கு மிகவும் சந்தோஷம். ஆனால் இத்தனை பெரிய சேதியை மருந்துக்கடை வரிசையிலா நான் கேட்க வேண்டும்? போனில் சொல்ல நினைத்து, இவள் எடுக்க மாட்டாள் என்று விட்டிருப்பாய். அது என் குறைதான். இனி கடிதமாவது எழுது.

நான் பள்ளியை விட்டு இந்தக் குளிர்காலத்தோடு ஒரு வருடம் ஆகிறது. யாரும் இப்போது அதைப் பற்றிக் கேட்பதில்லை, நிம்மதி. அடுத்த வாரம் கிழங்குக் கிடங்கில் வேலை தொடங்குகிறது. ஓடும் பட்டையிலிருந்து கல்லையும் அழுகலையும் பொறுக்கிப் போடும் வேலை. பேச வேண்டிய வேலை இல்லை. சாப்பாட்டு நேரத்தில் ஆட, பின்சுவரில் ஒரு கூடை மாட்ட முதலாளி சம்மதித்திருக்கிறார். நீ இல்லாமல் யாருக்குப் பந்து கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. சுவருக்குக் கொடுக்கிறேன். அது திருப்பித் தருகிறது, ஆனால் எதுவும் சொல்வதில்லை.

விவரமாக எழுது.

உன்,
கோரின்


வெஸ்ட் ஹார்லோ, மாசசூசெட்ஸ்
செப்டம்பர் 9, 1996

அடி கோரின்,

கோபமாக இருக்கிறாயா? இரு. நான் உன்னைவிடக் கோபமாக இருக்கிறேன். அப்பாவிடம் யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தேன். மருந்துக்கடைக்காரரிடம் ரகசியம் சொன்ன என்னை என்ன செய்யலாம்?

நடந்தது இதுதான். ஜூலையில் நாம் வூஸ்டரில் ஆடிய கோடைப் போட்டிக்கு ஹாதர்லியின் துணைக் கோச் வந்திருக்கிறார். பெயர் டோலன். வாசலில் ஒரு கையேடு விற்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? எல்லாப் பெண்களின் பெயர், சட்டை எண், முகவரி, பள்ளி மார்க் எல்லாம் போட்டது. அதில் என் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு வைத்தாராம். சனிக்கிழமை நான் ஆடியதைப் பார்த்தாராம். 'பதட்டமே இல்லாத ஆட்டம். பந்து உன் கைக்கு வரும் முன்பே அது எங்கே போக வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. உன் இடது கையை என்னால் மறக்க முடியவில்லை.' இப்படி எழுதியிருக்கிறார். நான் படித்துப் படித்துக் காகிதமே துணி மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் அப்பா குதிப்பதுபோல இன்னும் எதுவும் நடக்கவில்லை. அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. கோச்சால் செய்ய முடிவது ஒன்றுதான். தனக்கு வேண்டிய சில பெயர்களைச் சேர்க்கை அலுவலகத்துக்குச் சொல்லலாம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'ஆதரவு'. 'என் ஆதரவு உனக்கு உண்டு' என்று கோச் சொல்லிவிட்டால் கதவு முக்கால்வாசி திறந்தது என்று அர்த்தம். அதற்கு முன்னால் உன் ஆட்டம் அருமை, உன் அம்மாவின் சமையல் அருமை என்று என்ன சொன்னாலும் கணக்கில் வராது. இங்கே என் அறைத்தோழி ஒருத்தியை ஒரு கோச் ஒரு வருடம் முழுக்கப் புகழ்ந்தார். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவே இல்லை. இப்போது அவள் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டாலே ஜன்னலைச் சாத்துகிறாள்.

அப்பாவுக்கு இது புரியவில்லை. "ஆதரிக்காம எதுக்கும்மா தபால்தலை ஒட்டி அனுப்புறாங்க?" என்கிறார்.

இடது கை என்றது மட்டும் எனக்கு உறுத்துகிறது. கோச்சுகள் குறையைக்கூட இப்படித்தான் சர்க்கரை தடவிச் சொல்வார்கள். அதனால் இனி எல்லாம் இடது கை. இந்தக் கடிதத்தின் கடைசி வரியை இடது கையால் எழுதுகிறேன், பார்.

கோழி கிளறினாற்போல எழுதும்,
மார்னி


செயின்ட் ஒடில்
செப்டம்பர் 16, 1996

அன்பு மார்னிக்கு,

கடைசி வரியைப் பெர்னிஸிடம் காட்டினேன். "டாக்டர் சீட்டு மாதிரி இருக்கு. மருந்துக்கடைக்காரர் பொண்ணாச்சே" என்றார்.

உன் இடது கையைப் பற்றி ஒருவர் நல்லதாகச் சொல்லி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். மாதா கோயில் கூடத்தில் நீ இடது கையால் வீசிய பந்து பாதிரியாரின் சூப் தட்டில் விழுந்ததை ஊரே பார்த்தது. ஆனாலும் பழகு. நீ எதை எடுத்தாலும் முடிப்பவள்.

இங்கே அறுவடை தொடங்கிவிட்டது. பள்ளிக்கு மூன்று வாரம் விடுமுறை விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் வயலில். என் வகுப்பில் இருந்தவர்கள் லாரியில் கிழங்கோடு வந்து இறங்குகிறார்கள். சிலர் கையசைக்கிறார்கள். நானும் அசைக்கிறேன். பட்டை சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது என்பதால் எல்லாரும் எனக்கு நிகராகிவிடுகிறார்கள்.

உன்னைப் புகழ்ந்து அவர் எழுதிய வரிகளை எனக்கு அப்படியே எழுதியதற்கு நன்றி. நானும் நிறையத் தடவை படித்தேன். ஒருவர் ஆடுவதை இத்தனை கவனமாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது.

அந்தச் சொல் உனக்குக் கிடைக்க வேண்டும்.

கை நிறைய மண்ணோடு,
கோரின்


வெஸ்ட் ஹார்லோ
செப்டம்பர் 25, 1996

என் மண்கைக்காரிக்கு,

கோச் டோலன் போன் செய்தார்! மூச்சு வாங்கிக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் என் மார்க்குகளைச் சேர்க்கை அலுவலகத்தில் காட்டிவிட்டாராம். அங்கே திருப்தி. "முதல் கதவு திறந்தாச்சு மார்னி, ரெண்டாவது என் கையில இருக்கு" என்றார். பிறகு அக்டோபர் பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டார். வளாகத்தில் தங்கி, அவருடைய பெண்களோடு ஆட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது அந்தச் சொல்லைச் சொல்வார், அல்லது சொல்ல மாட்டார். அவ்வளவுதான். என் பிழைப்பு அந்த ஒரு சனிக்கிழமையில் இருக்கிறது.

அப்புறம் ஒன்று சொன்னார், கேள்.

"உன்கிட்ட எனக்கு ரொம்பப் பிடிச்சது என்ன தெரியுமா? களத்துல நீ வாயே திறக்கல. மத்த பிள்ளைங்க எல்லாம் எனக்குக் குடு எனக்குக் குடுன்னு கத்துறாங்க. நீ சும்மா நின்னே, பந்து உன்னைத் தேடி வந்துச்சு."

வாயே திறக்கவில்லையாம்! நான்! இதை அறைத்தோழியிடம் சொன்னேன். "அவங்க கூப்பிட்ட நம்பர் சரிதானா?" என்றாள். எனக்கும் சந்தேகம்தான். கிண்டலாகச் சொன்னாரோ? போட்டியில் அதிகமாகக் கத்தினேன், அதை நாசூக்காகச் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். அதனால் இப்போது வாயை மூடிக்கொண்டு ஆடுகிறேன். இங்கே பயிற்சியில் எங்கள் கோச் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலா என்று.

இடது கையால் பல் தேய்க்கிறேன். சூப் குடிக்கிறேன். பாதி என் சட்டைக்குத்தான். ஆனால் தூங்கவே முடியவில்லை கோரின். கண்ணை மூடினால் அந்தப் பெண்கள் எல்லாரும் எனக்கு இடது பக்கமாகப் பந்து எறிகிறார்கள்.

எனக்காக வேண்டிக்கொள்.

வாய் மூடிய (சத்தியமாக),
மார்னி


செயின்ட் ஒடில்
செப்டம்பர் 30, 1996

அன்பு மார்னிக்கு,

உன் கடிதம் வந்தது. ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் எழுது.

கோச் உன்னைப் பார்த்தது சனிக்கிழமைக் காலை ஆட்டத்திலா, சாயங்கால ஆட்டத்திலா? காலையில் நீ ஆடினாய். அந்த ஆட்டத்தின் முடிவில் கணுக்கால் பிசகியது. சாயங்காலம் உன் அப்பாவின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, காலில் ஐஸ் வைத்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். அதனால்தான் கேட்கிறேன்.

நேற்று உன் அப்பா கிடங்குக்கு வந்தார். ஹாதர்லி என்று முன்னால் பெரிதாக எழுதிய ஸ்வெட்டர் போட்டிருந்தார். முதலாளிக்கு மூட்டுவலித் தைலம் கொடுக்க வந்தாராம். கொடுத்துவிட்டு, பட்டையைச் சுற்றி வந்து எல்லாரிடமும் பேசினார். என்னிடம் வந்து, "கோரின், நீதானேம்மா அவகூட ஆடினே. சொல்லு, அவ அந்த எடத்துக்குத் தகுதிதானே?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். கூடவே ஒரு நல்ல கிழங்கை அழுகல் தொட்டியில் போட்டுவிட்டேன்.

சீக்கிரம் எழுது.

கோரின்


வெஸ்ட் ஹார்லோ
அக்டோபர் 4, 1996

கோரின்,

சனிக்கிழமை என்று மட்டும்தான் சொன்னார். காலையாகத்தான் இருக்கும். சாயங்காலம் நான் ஆடவே இல்லையே, ஆடாதவளை எப்படிப் பார்க்க முடியும்? இதையா அவசரமாகக் கேட்டாய்?

உன் கடிதம் சுண்டிப் போயிருந்தது. ஒரு கிண்டல் இல்லை, ஒரு வாழ்த்து இல்லை. போலீஸ்காரர் மாதிரி எந்த ஆட்டம், எத்தனை மணிக்கு என்று ஒரு கேள்வி. கோபிக்காதே, மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிறேன். உனக்குப் பொறாமையாக இருக்கிறதா? இருந்தால் சொல். நீ என்னைவிட நன்றாக ஆடுகிறவள் என்பது நம் இருவருக்கும் தெரியும். நீ பள்ளியை விடாமல் இருந்திருந்தால் உனக்கும் யாராவது எழுதியிருப்பார்கள். ஆனால் விட்டது நீதான். வகுப்பில் எழுந்து நின்று ஒரு பக்கம் படிக்க வேண்டும் என்பதற்காக எழுந்து வெளியே போனாய், திரும்பி வரவில்லை. நான் எத்தனை சொன்னேன்.

எழுதிய பிறகு இதைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். தபால் பை கிளம்புகிறது. அனுப்பிவிடுகிறேன்.

தூக்கமில்லாத,
மார்னி


செயின்ட் ஒடில்
அக்டோபர் 8, 1996

அன்பு மார்னிக்கு,

இது பதினெட்டாம் தேதிக்கு முன்னால் உன் கையில் கிடைக்க வேண்டும். அதனால் தபால் நிலையம் திறக்கும் முன்பே போய் நின்று போடப்போகிறேன்.

அந்தச் சாயங்கால ஆட்டத்தை நினைத்துப் பார். முதல் பாதி முடியும் முன்னால் எதிரணிப் பெண் ஒருத்தியின் மூக்கு உடைந்து இரத்தம் என் சட்டையில் கொட்டியது. என் எண் ஒன்பது. இரத்தம் பட்ட சட்டையோடு ஆடக் கூடாது என்று ரெஃபரி என்னை வெளியே அனுப்பினார். மாற்றுச் சட்டை இல்லை. நீதான் உன் பைக்குள்ளிருந்து காலையில் போட்ட சட்டையை எடுத்து எறிந்தாய். "போட்டுக்கோ, இந்த நாத்தத்துக்கு எவளும் உன் கிட்ட வர மாட்டா" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நான் அதைப் போட்டுக்கொண்டு கடைசிவரை ஆடினேன்.

பதினான்காம் எண்.

இடது கை. மூடிய வாய். இது யார் என்று உனக்கு இன்னுமா தெரியவில்லை?

கையேட்டில் உன் எண்ணுக்கு எதிரே உன் மார்க்குகள் இருந்தன. என் பெயருக்கு எதிரே ஒரு கோடுதான் போட்டிருந்தார்கள். அவர் உன் எண்ணைத் தேடி வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். உன்னிடம் 'வாயே திறக்கல' என்று அவர் சொன்னதை நீ எழுதியபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அதன் பிறகு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். உன் அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகு சொல்லவே கூடாது என்று முடிவு செய்தேன். உன் கடிதத்தில் பொறாமையா என்று கேட்டதும் இன்னும் கஷ்டமாகிவிட்டது. இப்போது சொன்னால் நீ அப்படித்தானே நினைப்பாய்? ஆனால் நீ அங்கே போய், அந்தப் பெண்கள் உனக்கு இடது பக்கம் எறிந்து, நீ எதற்கு என்று தெரியாமல் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பொறாமை என்று நினைத்தால் நினைத்துக்கொள். அதைத் தாங்கிக்கொள்வேன். மற்றதை முடியாது.

பொறாமை இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அந்தப் புகழ்ச்சி வரிகளை முதலில் படித்தபோது கொஞ்சம் இருந்தது. பிறகு அவை என்னைப் பற்றியவை என்று தெரிந்ததும் உன் பழைய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். உனக்கு வந்தது என்று தெரிந்தே படித்தேன். அதற்கு மட்டும் என்னை மன்னித்துக்கொள்.

நீ பள்ளியைப் பற்றி எழுதியது உண்மைதான். கிழிக்காமல் அனுப்பியது நல்லது.

இனி எழுத மாட்டாய் என்றாலும்,
உன் கோரின்


வெஸ்ட் ஹார்லோ
அக்டோபர் 21, 1996

என் கோரினுக்கு,

எழுத மாட்டேனா? உட்கார். இது நீளமான கடிதம்.

உன் கடிதம் வந்த அன்று அதைச் சுருட்டி எறிந்தேன். உன்னை என்னென்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது, அறைத்தோழி கேட்டு இரண்டு புதுச் சொற்கள் கற்றுக்கொண்டாள். பிறகு படுக்கையில் விழுந்தேன். விழுந்தவள் தூங்கிவிட்டேன்! வாரக்கணக்கில் தூங்காதவள், சாப்பாட்டு மணி அடித்ததுகூடத் தெரியாமல். மறுநாள் எழுந்து, ஒன்றும் யோசிக்காமல், வலது கையால் பல் தேய்த்தேன். கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. அடி, என் தலையில் யாரோ வைத்திருந்த கல்லை நீ எடுத்துவிட்டாய்.

போகாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நீ இத்தனை தைரியமாக எழுதியபின் நான் போனில் முடிப்பது அசிங்கம். போனேன். பஸ் நிலையத்துக்குக் கோச்சே கார் எடுத்து வந்திருந்தார். ஏறி உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"கோச், நீங்க பார்த்தது என்னை இல்ல."

"எப்போ?"

"வூஸ்டர்ல, சனிக்கிழமை. நீங்க பார்த்தது சாயங்கால ஆட்டம்தானே?"

"ஆமா. ரெண்டாவது பாதிக்குத்தான் வந்தேன்."

"அப்போ பதினாலு போட்டிருந்தது என் ஃப்ரெண்ட். அவ சட்டைல ரத்தம் பட்டுடுச்சு, என் சட்டையைக் குடுத்தேன். நான் கால்ல ஐஸ் வெச்சுக்கிட்டு பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன்."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்.

"நீலக் கோட்டு. ரெஃபரியைத் திட்டிக்கிட்டே இருந்த பொண்ணு."

"அது நான்தான்."

"உன் சத்தம் தாங்காம நான் எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன், தெரியுமா?"

இரண்டு பேரும் சிரித்தோம் கோரின். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது. அவர் டிஷ்யூ எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டார். "மத்த எடத்துல கோச்சுங்க ஆட்டத்தைப் பார்த்துட்டு மார்க்கைக் கேப்பாங்க. எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. பிடிச்ச பிள்ளைக்கு மார்க் இல்லன்னா மனசு உடைஞ்சு போகும். அதனால மார்க்கைப் பார்த்து வட்டம் போட்டுட்டு, அந்த நம்பரை மட்டும்தான் பார்ப்போம். மூஞ்சியைப் பார்க்கிறதே இல்ல. பாரு, எங்க கொண்டு வந்து விட்டிருக்கு."

நான்தான் கேட்டேன். "அப்போ உங்க ஆதரவு?"

"தர முடியாது மார்னி. என் பட்டியல் ரொம்பச் சின்னது. இடது கைக்காரி ஒருத்தி வேணும்னு வெச்சிருந்த எடம் அது."

"புரியுது கோச்."

"ஆனா ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீ எங்க விருந்தாளி. பீட்ஸா சாப்பிடுவியா?"

நீ நம்ப மாட்டாய், அந்த இரண்டு நாள்போல நான் எங்குமே சந்தோஷமாக இருந்ததில்லை. யாரும் என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. வேதியியல் கூடத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி, அங்கே ஒரு பேராசிரியரிடம் கேள்வி கேட்டே அவருடைய மதியச் சாப்பாட்டைக் கெடுத்தேன். சனிக்கிழமை அந்தப் பெண்களோடு சும்மா ஆடினேன். வாய் வலிக்கக் கத்தினேன். அவர்களில் நெட்டையான ஒருத்தி, "அப்பாடா, ஒருத்தியாவது வாயைத் திறக்கிறா, இங்க எல்லாரும் பரீட்சை எழுதுற மாதிரி ஆடுறாங்க" என்றாள். ஆனாலும் அவர்கள் ஆடும் ஆட்டம் என் ஆட்டம் இல்லை. அதைக் களத்தில் நின்று பார்த்ததும் நன்றாகவே தெரிந்துவிட்டது. வலிக்கவில்லை. ஹாதர்லிக்கு விண்ணப்பம் போடுவேன், எல்லாரையும்போல, பந்து இல்லாமல். கிடைத்தால் கிடைக்கட்டும். கிடைக்காவிட்டால் வேதியியல் வேறு இடத்திலும் இருக்கிறது.

அப்பாவிடம் போனில் சொன்னேன். செத்தேன் என்று நினைத்தேன். பிறகு கேட்டார்: "அப்போ அந்தக் கூடைப்பந்து விதிமுறைப் புஸ்தகத்தை நான் மேல படிக்க வேண்டாமா?" பாவம், என்னோடு பேசுவதற்காக அறுபது பக்கம் படித்திருக்கிறார். அவருக்குக் கூடைப்பந்து பிடிக்கவே பிடிக்காதாம். பதினேழு வருடமாக இதைச் சொல்லவில்லை. "நீ சந்தோஷமா இருக்கியா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ நான் போய்த் தூங்குறேன்" என்றார், மத்தியானம் இரண்டு மணிக்கு.

கடைசியாக ஒன்று. திரும்பும்போது காரில் கோச் கேட்டார், "அந்தப் பொண்ணு எங்க படிக்கிறா?"

"படிக்கல. கிழங்குக் கிடங்குல வேலை செய்யுறா."

அடுத்த சிக்னலில் வண்டியை நிறுத்தினார். பிறகு, "அவளுக்கு நான் எழுதலாமா?" என்றார்.

"எதுக்கு கோச்? உங்க பட்டியல்ல அவளுக்கு எடமே கிடையாதே."

"எடம் இல்லாதவங்களுக்கு எழுதக் கூடாதுன்னு எந்த விதியும் இல்லையே. நான் பார்த்த ஆட்டத்தை ஆடினவகிட்ட அதைச் சொல்லணும், அவ்வளவுதான்."

முகவரி தரவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உனக்குப் பிடிக்காததை உன் பின்னால் செய்ய மாட்டேன். நீ என்ன சொன்னாலும் சரி.

பொறாமை என்று எழுதினேனே, அந்தக் கை வலது கைதான். அதைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நன்றாகத் தூங்கும்,
உன் மார்னி


செயின்ட் ஒடில்
அக்டோபர் 25, 1996

என் மார்னிக்கு,

உன் கடிதத்தை உறையோடு பாக்கெட்டில் வைத்துக்கொண்டு காலை முழுவதும் வேலை செய்தேன். பிரிக்கப் பயம். சாப்பாட்டு நேரத்தில் பின்சுவரோரம் போய்ப் பிரித்தேன். முதல் வரி போதும், உட்கார் என்று நீ சொன்னதும் உண்மையாகவே உட்கார்ந்துவிட்டேன். நீலக் கோட்டு வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. பெர்னிஸ் ஓடி வந்தார், ஏதாவது ஆகிவிட்டதா என்று. நான் சிரித்து அவர் கேட்டதே இல்லையாம்.

"என்னடி, யாரு எழுதினது?" என்றார்.

சொன்னேன். முழுக் கதையும், நின்றுகொண்டு, வாயால். நடுவில் இன்னும் நாலு பேர் வந்து நின்றார்கள். நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். பெர்னிஸ் விடவில்லை. "அப்புறம்? அந்தம்மா எடம் மாறி உட்கார்ந்தாளா? சொல்லு சொல்லு!" முடித்தபோது என் முகம் சுட்டது, ஆனால் ஒன்றும் ஆகவில்லை. பிறகு என் சாப்பாட்டையும் பெர்னிஸின் பாதிச் சாப்பாட்டையும் தின்றேன். பசி எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை, எல்லாம் சேர்ந்து வந்தது.

உன் அப்பாவை மாதா கோயிலில் பார்த்தேன். வெட்கப்படுவாரோ என்று நான் ஒதுங்கினேன். அவரே வந்தார். "கோரின், நீ சொல்லாம விட்டிருந்தா என் பொண்ணு அங்க போய் நாலு வருஷம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா" என்றார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் எப்போதும் எல்லாரிடமும் சத்தமாகப் பேசுகிறவர். இதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

கோச்சுக்கு முகவரி கொடு. நேற்று வேண்டாம் என்று எழுதினேன், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அவர் என்ன எழுதுவார் என்று எனக்குக் கேட்க ஆசையாக இருக்கிறது. பதில் எழுதுவேனா, எழுதினால் என்ன எழுதுவது என்பதை நீதான் சொல்லித் தர வேண்டும்.

அதற்காகத்தான் இது: அறுவடை முடிந்துவிட்டது. கிடங்கைக் கழுவுவதற்காக, வரும் வெள்ளியிலிருந்து மூடுகிறார்கள். நான் உன்னைப் பார்க்க வருகிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. நானே ஜன்னலில் கேட்டு எடுத்தேன். இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது, முதல் தடவை டிக்கெட் தருபவருக்குக் காதில் விழவில்லை.

பஸ் வெஸ்ட் ஹார்லோவுக்குச் சனிக்கிழமை மதியம் வரும் என்றார்கள். நீ நிலையத்துக்கு வந்துவிடு. தாமதமானால் பரவாயில்லை. நான் யாரிடமும் வழி கேட்டுக் கிளம்ப மாட்டேன். இறக்கிவிட்ட இடத்திலேயே நிற்பேன், நீ வரும்வரை.

கோரின்